1.4 என்ற எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகிறது. திருச்சியிலிருந்து வந்து டெல்லி மயூர் விஹாரில் குடியிருக்கிறோம். கணவருக்கு குருகிராமில் வேலை. ஐந்து வாரத்துக்கு முன்பு எனக்குக் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டி, பிறப்புறுப்பில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்து புண்ணாயின. சிறுநீர் கழிக்கும்போது உயிரே போய்விடும் போல எரிந்தது. அம்மா போனில் அக்கி என்றார். பக்கத்து கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்று சொல்லி, தடவ ஒரு மருந்தும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அவர் இந்தியில் சொன்னதில் பாதிதான் புரிந்தது.

நான்காம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் எனக்கு ஐஜிஎம் பாசிட்டிவ். ஹெச்எஸ்வி 1 ஐஜிஜி நெகட்டிவ், ஹெச்எஸ்வி 2 ஐஜிஜி நெகட்டிவ். அடுத்த வாரம் கணவருக்கும் எடுத்தோம். அவருக்கு ஐஜிஎம் நெகட்டிவ், ஹெச்எஸ்வி 1 ஐஜிஜி 28, ஹெச்எஸ்வி 2 ஐஜிஜி 1.4, இரண்டுமே பாசிட்டிவ். இணையத்தில் படித்தால் 2 என்பது உடலுறவில் மட்டுமே வரும் என்கிறார்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறார். அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டார். எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. இது புதிதாக வந்ததா, பழையதா என்று ரத்தத்தில் கண்டுபிடிக்க வேறு பரிசோதனை இருக்கிறதா? எனக்குக் குழந்தை பிறக்குமா? அவருக்கு அடிக்கடி உதட்டோரம் சூட்டுக் கொப்புளம் வரும், மற்றபடி ஆரோக்கியமானவர்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெல்லி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அண்ணனிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கணவர் துரோகம் செய்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்படிச் சாட்சி சொல்லும் சக்தி அந்தத் தாளுக்குக் கிடையாது. அவர் நிரபராதி என்று நானும் இங்கிருந்துகொண்டு சான்றிதழ் தரவில்லை. அந்த எண்களால் இரண்டில் எதையும் சொல்ல முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். அதிலுள்ள ஹெச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் வைரஸின் சுருக்கப் பெயர்; அதில் 1, 2 என்று இரண்டு வகை. ஒரு கிருமி உடம்புக்குள் வந்தால் முதலில் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் தோன்றும், பிறகு ஐஜிஜி தோன்றி நிலைத்து நிற்கும் என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். அதனால்தான் ஐஜிஎம் இருந்தால் புதிய தொற்று, ஐஜிஜி இருந்தால் பழைய தொற்று என்று பலரும் நினைக்கிறார்கள். சில நோய்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஹெர்பிஸுக்குப் பொருந்தாது. பல வருஷமாக உடம்பில் இருக்கும் வைரஸ் மறுபடி தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரலாம். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்குகிற வைரஸ், இன்னும் சில உறவுக்கார வைரஸ்கள் ஆகியவற்றுக்கு எதிராக உடம்பு செய்து வைத்த பொருளைப் பார்த்தும் இந்தக் கிட் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். போதாக்குறைக்கு, வந்திருப்பது 1-ஆ 2-ஆ என்று ஐஜிஎம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-இல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டியில், ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இருந்தும் நம் ஊர் லேப்களில் அது பேக்கேஜோடு சேர்ந்தே வருகிறது. காசு கொடுத்து எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஐஜிஎம் பாசிட்டிவ், அவர் ஐஜிஎம் நெகட்டிவ் என்ற இரண்டு வரிகளையும் அடித்துவிடுங்கள். அவற்றால் உங்களுக்குப் புதிது என்றோ அவருக்குப் பழையது என்றோ சொல்ல முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டில் மதிப்புள்ள தகவல், நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த இரண்டு நெகட்டிவ்கள்தான். ஹெச்எஸ்வி ஐஜிஜி ரத்தத்தில் தெரிய இரண்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஆகும். புண் வந்த நான்காம் நாளில் 1, 2 இரண்டுக்குமே ஐஜிஜி இல்லை என்றால், உங்கள் உடம்பு இந்த வைரஸை முன்பு சந்தித்ததில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி. காய்ச்சல், இரண்டு பக்கமும் நெறி கட்டியது, சிறுநீர் எரிச்சல், இருபுறமும் கொப்புளம் எல்லாமே முதல் தடவை வரும் தொற்றின் முகம்தான். மறுபடி மறுபடி வருவது இவ்வளவு ஆர்ப்பாட்டமாக வராது. ஆகவே, உங்களுக்கு இது சமீபத்தில் வந்தது என்று நினைக்கிறேன். கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முதல் பன்னிரண்டு நாள் முன்பு தொற்றியிருக்கும்.

அந்த முதல் ரிப்போர்ட்டைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கு ரத்தத்தில் பதில் தேட இருக்கும் ஒரே நல்ல வழி அதிலிருந்துதான் தொடங்குகிறது. புண் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் முடிந்ததும், அதாவது இன்னும் ஏழு வாரம் கழித்து, அதே லேபில் ஹெச்எஸ்வி 1 ஐஜிஜி, ஹெச்எஸ்வி 2 ஐஜிஜி இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். ‘ஹெச்எஸ்வி 1+2’ என்று சேர்த்து ஒரே எண்ணாக வரும் பரிசோதனை வேண்டாம். கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற புரதத்தை வைத்து வகை பிரிக்கும் பரிசோதனைதானா என்று லேபில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வைரஸ்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பவை. அந்தப் புரதத்தில்தான் நன்றாக வேறுபடுகின்றன. முன்பு நெகட்டிவாக இருந்ததில் எது இப்போது பாசிட்டிவாக மாறுகிறதோ, அதுதான் உங்களுக்கு வந்த வைரஸ். ஒரு தடவை மட்டும் எடுக்கும் ரத்தத்தால் இதைச் சொல்லவே முடியாது. இரண்டாவது ரிப்போர்ட்டில் இரண்டுமே நெகட்டிவாக இருந்தால் குழம்ப வேண்டாம்: ஹெச்எஸ்வி 1 ஐஜிஜி பரிசோதனை, உண்மையில் தொற்று உள்ளவர்களில் பத்தில் மூன்று பேரையாவது தவறவிடக்கூடியது.

இனி அந்த 1.4. ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வழக்கமாக 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 0.9-இலிருந்து 1.1 வரை சந்தேகம், 1.1-க்கு மேலே பாசிட்டிவ் என்று போட்டிருப்பார்கள். இயந்திரம் 1.4-ஐப் பார்த்ததும் தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்று அச்சடித்துவிடுகிறது. ஆனால் ஹெச்எஸ்வி 2-க்கு 1.1-இலிருந்து 3 வரை வரும் எண்களில் தவறான பாசிட்டிவ்கள் ஏராளம். ஏற்கெனவே ஹெச்எஸ்வி 1 உள்ளவர்களிடம் இந்தத் தவறு இன்னும் அதிகமாக நடக்கிறது. உங்கள் கணவருக்கு 1-இல் 28 வந்திருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. அவருடைய 2-இல் வந்த 1.4, அந்த 28-இன் நிழலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்படிக் குறைந்த எண் வந்தால், வேறொரு முறையில் செய்யும் இரண்டாவது பரிசோதனையால் உறுதி செய்யாமல் யாருக்கும் ஹெச்எஸ்வி 2 என்று சொல்லக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்திலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்யும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையைத்தான் கடைசித் தீர்ப்பாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உங்களுக்கு எடுக்கும் அதே நாளில் அவருக்கும், வேறு நிறுவனத்தின் கிட் பயன்படுத்தும் இன்னொரு லேபில் எடுங்கள். அண்மையில் தொற்றியிருந்தால் அதற்குள் எண் நன்றாக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். 1.4-ஐச் சுற்றியே நின்றாலோ நெகட்டிவாக வந்தாலோ அது பெரும்பாலும் பொய்யான பாசிட்டிவ். அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைச் சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-இலும் மறுபடி 2023-இலும் சொன்னதற்கு முக்கியக் காரணமே இந்தப் பொய்யான பாசிட்டிவ்களும் அவற்றால் உடையும் உறவுகளும்தான்.

கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். உதட்டோரம் அடிக்கடி வரும் அந்தச் ‘சூட்டுக் கொப்புளம்’ உடம்புச் சூட்டால் வருவதில்லை. அநேகமாக அதுதான் ஹெச்எஸ்வி 1. அவருடைய 28 என்ற எண்ணும் அதையே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-க்குக் கணித்தபடி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, அதாவது 380 கோடிப் பேருக்கு ஹெச்எஸ்வி 1 இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே, வீட்டில் யாராவது முத்தம் கொடுத்து வந்திருக்கும். அது வந்தவர் நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுக்கத் தங்கி, காய்ச்சல், வெயில், களைப்பு என்று ஏதாவது சாக்கில் உதட்டுக்கு வந்துபோகும். நீங்கள் அது வராமலே வளர்ந்த சிலரில் ஒருவர். அவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்த சமயத்தில், அல்லது கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஒரு நாளில்கூட, வாய்வழி உறவு நடந்திருந்தால் அதே வைரஸ் உங்கள் பிறப்புறுப்பில் புண்ணாக வரலாம். இதில் மூன்றாவது ஆள் யாரும் தேவையில்லை. கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்தாறு வாரத்துக்கு முன்பு அவருக்கு உதட்டில் ஏதாவது இருந்ததா என்று இருவரும் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். போனில் எடுத்த படங்களின் தேதியைப் பார்த்தாலும் தெரியும். என்னிடம் வரும் தம்பதிகளில் சிலர் அப்படித்தான் பதிலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒருவேளை உங்களுக்கு ஹெச்எஸ்வி 2 என்றே தெரியவந்தால்? அப்போதும் அது கல்யாணத்துக்குப் பிறகு நடந்த தவறு என்று அர்த்தமில்லை. ஹெச்எஸ்வி 2 உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பல வருஷத்துக்கு முன்பு தொற்றி, ஒரு கொப்புளம்கூட வராமல், துணைவருக்குப் போய்ச் சேர்வது சாதாரணமாக நடப்பது. எந்த ரத்தப் பரிசோதனையும் ‘இவருக்கு இந்தத் தேதியில், இன்னாரிடமிருந்து வந்தது’ என்று சொல்லாது. அதற்குமேல் தெரிய வேண்டியதை நீங்கள் அவரிடம் கேட்டும், அவர் நேர்மையாகச் சொல்லியும்தான் தெரியவேண்டும். அந்தப் பேச்சை நடத்தும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. லேப் ரிப்போர்ட்டை நடுவில் வைக்காமல் பேசுங்கள்.

ரத்தத்தைவிட நம்பகமானது புண்ணிலிருந்து நேராக எடுப்பது. அன்றைக்கே அதைச் செய்திருந்தால் இந்த ஐந்து வாரக் கண்ணீர் இருந்திருக்காது. மறுபடி ஒரு கொப்புளம் வந்தால், பொருக்கு தட்டும் முன், முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். ஊசி முனையால் கொப்புளத்தின் மேல்தோலை மெல்ல விலக்கி, அடிப்பகுதியைக் குச்சியால் அழுத்தித் தேய்த்து, அதற்கென உள்ள திரவக் குப்பியில் போட்டு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் எரியும், சில விநாடிதான். 1-ஆ 2-ஆ என்று அது வகை பிரித்தே சொல்லும். இந்தியில் பேசச் சிரமமாக இருந்தால் ‘ஸ்வாப் பிசிஆர்’ என்ற இரண்டு வார்த்தை போதும், எல்லா மருத்துவருக்கும் புரியும்.

டெல்லியில் இதற்குப் போக வேண்டிய இடம், ரிங் ரோட்டில் எய்ம்ஸுக்கு எதிரே உள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனையின் தோல், பால்வினை நோய்ப் பிரிவு. பால்வினை நோய்களுக்கான உயர்நிலைப் பயிற்சி, ஆராய்ச்சி மையமே அங்கு இருக்கிறது. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அங்கே வரும் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னாலே போதும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்காக இயங்கும் சுரக்ஷா கிளினிக்குகளில் மாத்திரையும் இலவசம். ஹெர்பிஸ் புண்ணுக்கான மாத்திரைகள் சிவப்பு நிறக் கிட்டில் வரும்.

மாத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தடவும் மருந்தால் பெரிய பலன் இல்லை. முதல் தடவை இவ்வளவு கடுமையாக வந்தபோது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, ஏழிலிருந்து பத்து நாள் சாப்பிட்டிருக்க வேண்டும். அடுத்த தடவை மருத்துவர் தடவும் மருந்து மட்டும் எழுதினால் மாத்திரை பற்றிக் கேளுங்கள். இப்போது புண் ஆறிவிட்டதால் மருந்து எதுவும் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருமா என்று பயப்பட வேண்டாம். பிறப்புறுப்பில் வந்தது 1 என்றால் முதல் வருஷத்தில் சராசரியாக ஒரு தடவை வரும், பிறகு குறைந்துவிடும். 2 என்றால் வருஷத்துக்கு நான்கைந்து தடவை வரலாம். அப்படி அடிக்கடி வந்தால் தினமும் மாத்திரை சாப்பிட்டுக் கட்டுப்படுத்தலாம்.

அம்மா சொன்ன அக்கி இது இல்லை. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக வரும். உங்களுக்கு இரண்டு பக்கமும் வந்தது. ஊருக்குப் போனால் யாராவது அக்கி எழுதக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் காவி பூச விடாதீர்கள்.

இன்னொரு பரிசோதனையைக் கட்டாயம் எடுங்கள், இருவருமே. பிறப்புறுப்பில் புண் வந்த யாருக்கும் ஹெச்ஐவி, சிபிலிஸ் எனும் மேகநோய்ப் பரிசோதனை இரண்டும் எடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கு இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. கணவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. புண் என்று வந்தால் எல்லோருக்கும் இதுதான் முறை. அரசு மருத்துவமனையில் ஐசிடிசி எனப்படும் ஆலோசனை, பரிசோதனை மையத்தில் ஹெச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். இப்போது ஒரு தடவையும், பன்னிரண்டு வாரத்தில் மற்ற ரத்தம் எடுக்கும்போது இன்னொரு தடவையும் எடுத்துவிடுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம். அவருக்கு உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில் முத்தமும் வாய்வழி உறவும் கூடாது.

குழந்தை பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறக்கும், நல்லபடியாகப் பிறக்கும். ஹெர்பிஸ் கருத்தரிப்பதைத் தடுக்காது. குழந்தைக்கு ஆபத்து எப்போதென்றால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல் முறையாகத் தொற்றினால்தான். அப்போது தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது; அத்தகைய பிரசவங்களில் 30 முதல் 50 சதவீதம் வரை குழந்தைக்குத் தொற்றலாம். முன்பே தொற்றி, உடம்பு எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும் தாய்மார்களின் குழந்தைக்குத் தொற்றுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்துக்கு முன்பே வந்துபோனது ஒரு வகையில் உங்களுக்கு அனுகூலம். பேறுகால மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36-ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, புண் வரப்போகும் அரிப்போ இருந்தால் மட்டும் சிசேரியன். உங்களுக்கு 1 மட்டும் என்றும், கணவருக்கு 2 உண்மைதான் என்றும் உறுதியானால், கடைசி மூன்று மாதம் உறவைத் தவிர்த்துவிடுங்கள். 1 இருப்பதால் 2 வராது என்று சொல்ல முடியாது.

கர்ப்பம் உறுதியானதும், கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனையை யாராவது எழுதிக் கொடுக்கக்கூடும். அதிலும் இந்த ஹெச்எஸ்வி ஐஜிஎம் இருக்கும், அது மறுபடி பாசிட்டிவ் என்று வரலாம். குழந்தைக்கு ஆபத்து, கலைத்துவிடுங்கள் என்று அதைப் பார்த்து யாராவது சொன்னால், நான்காம் நாள் ரிப்போர்ட்டையும் பன்னிரண்டாம் வார ரிப்போர்ட்டையும் சேர்த்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டையும் பிடிஎஃப்பாகப் போனில் வைத்திருங்கள். லேபின் செயலியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.